ஒன்பது முதல் ஐந்து வரை

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. டிக்கெட் எடுப்பதற்காக நாம் தெரிந்துகொள்ளும் இந்தத் தகவலிலேயே அங்குள்ள கொசுவைப் பற்றிய பாதிச் செய்தி அடங்கியிருக்கிறது. தாம்பரத்தில் இரவெல்லாம் காதோரம் ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுக்கும் கொசு, அந்த எட்டு மணி நேரமும் ஏதாவது ஓர் இருட்டு மூலையில் ஒட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும். மலேரியாக் கொசுவும் அப்படித்தான். வெள்ளைப்புலியைப் பார்த்தபடி நீங்கள் நிற்கும்போது கணுக்காலைத் தேடி வருபவள் வேறொருத்தி. பகலில் விழித்திருப்பவள். (கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்க்கப் புரதம் வேண்டும். அது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆண் கொசுவுக்குப் பூந்தேனும் செடிச்சாறும் போதும்.)

கொசுக்கடிக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் மருந்துக்கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்து நீட்டிவிடுவார். வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த நேரத்தில் அங்கே இருக்கப்போகிறோம், பக்கத்தில் எந்தத் தண்ணீர் தேங்கி நிற்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்தால் எந்தக் கொசு என்று சொல்லிவிடலாம். எந்தக் கொசு என்று தெரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் தெரியும்.

தென்சென்னைப் புறநகர்வாசிக்குக் காடு தூரத்தில் இல்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கி வைத்த விலங்குக் காட்சி, 1985-இல் இங்கே 602 ஹெக்டேர் காப்புக்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. எதிர்த்திசையில் போனால் கிண்டி. 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட 2.7 சதுர கிலோமீட்டர். புள்ளிமானும் வெளிமானும் மேய, சுற்றிலும் மாநகரம் இரைகிறது. இடையில் நன்மங்கலம் காப்புக்காடு. கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காடு. நாலு பக்கமும் வீடு, கடை, சாலை என்று நெருங்கிவிட்ட காடுகள் இவை. கொசு விஷயத்தில் இந்த நெருக்கம்தான் முக்கியம்.

பகல் கொசுக்கள் இரண்டு. ஏடிஸ் எஜிப்தி, ஏடிஸ் அல்போபிக்டஸ். இரண்டுமே கறுப்பு உடம்பும் வெள்ளைப் பட்டைக் கால்களும் கொண்டவை. முதுகைப் பார்த்துப் பிரித்தறியலாம்: எஜிப்தியின் முதுகில் யாழ் வடிவத்தில் வெள்ளைக் கோடுகள், அல்போபிக்டஸின் முதுகில் நட்டநடுவே ஒற்றைக் கோடு. முன்னது வீட்டோடு ஒட்டிய கொசு. பின்னது மர நிழலும் புதரும் விரும்புவது. விடிந்த பின் ஒரு சுற்று, பொழுது சாய்வதற்கு முன் ஒரு சுற்று என்று இரண்டும் மும்முரமாகக் கடிக்கும். நிழலான இடத்தில் நடுப்பகலிலும் விடாது. பூங்காவின் பார்வை நேரமும் இவற்றின் வேலை நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே.

இவை பெருக ஏரி வேண்டாம், குளம் வேண்டாம். காட்டில் மரப்பொந்திலும் வெட்டிய மூங்கில் முட்டிலும் தேங்கும் மழைநீர் போதும். காட்டுக்கு வெளியே நாம் இன்னும் தாராளமாக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்: குடித்து எறிந்த இளநீர்க் கூடு, பஞ்சர் கடை வாசலில் அடுக்கிய பழைய டயர், பாலித்தீன் உறை, பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு. முட்டையைத் தண்ணீரில் இடாமல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று எல்லாம் முடிய ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

ஏடிஸ் நெடுந்தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்ந்து முடித்துவிடும். ஆகவே பூங்கா வாசலருகே கடித்த கொசுவுக்குக் காட்டைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அது வெளியே கிடக்கும் இளநீர்க் கூட்டில் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. கொசு பெரும்பாலும் கிருமி இல்லாமலே பிறக்கிறது. டெங்கு வைரஸை அதற்குக் கொடுப்பது காய்ச்சலோடு இருக்கும் ஒரு மனிதர். அவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் வயிற்றிலிருந்து எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். கொசுவின் ஆயுளே இரண்டு முதல் நான்கு வாரம்தான். ஆக, ஆபத்தானவள் வயதான கொசு. காணும் பொங்கலன்று வண்டலூரில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்: ஊரின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள், அதில் 'லேசான காய்ச்சல்தான், ஆசைப்பட்டான்' என்று அழைத்து வரப்பட்ட ஒரு பையன். காட்டுக்குள் நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் நுழைவுச்சீட்டு வாங்கிய நாமேதான். காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப்போகாதிருப்பதும் கொசுத் தடுப்பில் சேர்த்திதான்.

ஏடிஸோடு சென்னைக்கு உள்ள கணக்கு பழையது. 1964-இல் சிக்குன்குன்யா இந்த ஊரைப் பெரும் கொள்ளைநோயாக உலுக்கியது. வேலூரும் புதுச்சேரியும் தப்பவில்லை. பிறகு பல பத்தாண்டுகள் தலைகாட்டாமல் இருந்த வைரஸ், 2005–06-இல் வேறு மரபணு வகையாகத் திரும்பி வந்தது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் அந்த வைரஸில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது. அதோடு அது அல்போபிக்டஸ் உடலில் மிக எளிதாகப் பெருகத் தொடங்கியது. மறு ஆண்டே கேரளத்தின் ரப்பர் தோட்டங்களில், பால் வடிக்கும் சிரட்டைகளில் வளர்ந்த அல்போபிக்டஸ் மூலம் நோய் பரவியது. மர நிழல் கொசு என்று அதை இளக்காரமாக விட்டுவிட முடியாது.

இவள் நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? முதலில் மூச்சு. நாம் விடும் கரியமில வாயுவைப் பத்து மீட்டர் தூரத்திலேயே உணர்ந்து காற்றோட்டத்தின் எதிர்த்திசையில் வருகிறாள். பிறகு கண். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட சோதனையில், கரியமில வாயுவை முகர்ந்த ஏடிஸ் எஜிப்தி சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, வெளிர்நீலம் ஆகியவற்றை நோக்கிப் பறந்தது. பச்சையையும் ஊதாவையும் வெள்ளையையும் கண்டுகொள்ளவில்லை. மனிதத் தோல், அது எந்த நிறமானாலும், சிவப்பு–ஆரஞ்சு ஒளியை அதிகம் வெளிவிடுகிறது என்பது இதில் கவனிக்க வேண்டியது. கறுப்பு லெக்கிங்ஸும் சிவப்பு டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவது கொசுவுக்கு அழைப்பு வைப்பதற்குச் சமம். விலங்குகள் மிரளாமலிருக்க மங்கிய பச்சை உடுத்தி வாருங்கள் என்று வனத்துறையினர் சொல்வது கொசுவுக்கும் பொருந்திவிடுகிறது. உடை தளர்வாக இருக்க வேண்டும். தோலோடு ஒட்டிய மெல்லிய துணியைக் கொசுவின் ஊசி சுலபமாகத் துளைக்கும்.

கிட்டே வந்தபின் தோலின் வாடையும் சூடும் வேலை செய்கின்றன. 'எனக்கு மட்டும் ஏன் இத்தனை கடி?' என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஸ்ஷால் குழு 2022-இல் காட்டியபடி, தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம் சுரப்பவர்களைக் கொசு திரும்பத் திரும்பத் தேடிப்போகிறது. இந்த ஈர்ப்பு சில ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் மாறவில்லை. பூண்டு சாப்பிட்டாலும் வைட்டமின் மாத்திரை விழுங்கினாலும் இது குறையும் என்பதற்கு நல்ல சான்று எதுவும் கிடையாது. நிலவேம்புக் குடிநீர் கசக்கும். கொசுவுக்கு அந்தக் கசப்பு தெரியாது.

இனி அந்த ட்யூப். விரட்டி மருந்து கொசுவைக் கொல்வதில்லை. தோலுக்குச் சற்று மேலே ஆவியாக நின்று அதன் மோப்பத்தைக் குழப்புகிறது. எனவே பூசாத இடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. கையில் பூசிவிட்டுக் கணுக்காலை விட்டால் ஏடிஸ் கணுக்காலில்தான் உட்காரும். அமெரிக்க ராணுவத்துக்காக 1946-இல் உருவான டீட் இன்றும் அளவுகோலாக இருக்கிறது. நம்மிடம் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் உருவாக்கிய டெபா இருக்கிறது. கடையில் அதிகம் விற்கும் ஓடோமாஸ் வகைக் களிம்பில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு. பெயரைவிட விழுக்காட்டைப் பார்த்து வாங்குவது நல்லது. விழுக்காடு கூடினால் வீரியம் கூடாது, நேரம்தான் நீளும். 2002-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒப்பீட்டில், சுமார் 24 விழுக்காடு டீட் சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. புல்தைலம் போன்ற சிட்ரொனெல்லா வகைகள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. கையில் கட்டும் கொசு விரட்டிப் பட்டைகள் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் பட்டை இன்றும் குழந்தைகளுக்கென்று வண்ண வண்ணமாக விற்கிறது, வாங்காதீர்கள். ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் கருவியும் செல்போன் செயலியும் இதே ரகம்.

அந்தச் சோதனைகள் ஆய்வக அறையில் நடந்தவை என்பதை மறக்கக் கூடாது. வண்டலூரில் மே மாதம் நடந்தால் வியர்வையே பாதியைக் கழுவிவிடும். ஐந்து மணி நேரம் என்று எழுதியிருந்தால் மூன்றாக எண்ணிக்கொண்டு மறுபடி பூச வேண்டும். வெயில் களிம்பும் உண்டென்றால் அதை முதலில் பூசி, காய்ந்தபின் இதை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் வேண்டாம். தள்ளுவண்டிக்கு வலை போடலாம். எலுமிச்சை யூகலிப்டஸ் தைலம் என்று வருவது மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. பெரியவர் தன் கையில் எடுத்துப் பிள்ளைக்குப் பூசிவிட வேண்டும். பிள்ளையின் உள்ளங்கையில் பூசினால் அது கண்ணுக்கும் வாய்க்கும் போகும்.

மாலையில் ஆள் மாறுகிறது. பூங்காவை விட்டு வந்து சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிக்கரைகளில் நடக்கிறவர்களைச் சூழ்ந்துகொள்வது ஏடிஸ் அல்ல. அந்தி மங்கியதும் செப்டிக் டேங்கிலிருந்து ஆர்மிஜெரிஸ் கிளம்பும்: பருத்த உடல், வளைந்த மூக்கு, எரிச்சலூட்டும் கடி. ஆகாயத்தாமரை மூடிய நீர்நிலைகளில் மான்சோனியா வாழ்கிறது. மற்றக் கொசுப்புழுக்கள் மூச்சுவிட நீர்ப்பரப்புக்கு வரும். மான்சோனியாவின் புழு ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதற்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு அடியிலேயே கிடக்கும். நீர்ப்பரப்பில் எண்ணெய் விட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. செடியை அகற்றுவதே வழி. இரவு முழுக்கப் பாடுவது கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ். சாக்கடைக் கொசு, யானைக்கால் நோயின் கொசு. பாதாளச் சாக்கடை முழுமையாக வராத புறநகரில் இதற்கு வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் உண்டு. காற்றுக்குழாயின் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டச் சொல்லி வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் (டி.பி.சி.) பணியாளர்களின் அறிவுரை, தெருவில் எப்போதாவது வரும் கொசுப்புகை அடிக்கும் வண்டியைவிடப் பயனுள்ளது. புகை அடித்த நிமிடத்தில் பறந்துகொண்டிருந்த கொசு சாகும். தண்ணீருக்குள் இருக்கும் புழு சாகாது.

இந்தச் சாக்கடைக் கொசு ஒரு தேசியப் பூங்காவை நாசம் செய்த கதையும் உண்டு. ஹவாய் தீவுகளில் ஒரு காலத்தில் கொசுவே கிடையாது. 1826-இல் மாவி தீவில் தண்ணீர் பிடிக்க நின்ற ஒரு கப்பலின் பீப்பாய்களிலிருந்து இதே கியூலெக்ஸ் இனம் கரையேறியது என்று சொல்வார்கள். பின்னர் பறவை மலேரியாவும் வந்து சேர்ந்தது. அந்நோயை அதுவரை அறியாத தேன்குருவி இனங்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. ஐம்பதுக்கும் மேலிருந்தவற்றில் இன்று மிஞ்சியவை பதினேழு. மாவியின் ஹாலியகாலா தேசியப் பூங்காப் பகுதியில் 2023 முதல், வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை வானிலிருந்து விடுகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரியாது. கொசு விரட்டி பூசிக்கொள்ள முடியாத பறவைகளுக்காகச் செய்யும் வேலை இது.

வண்டலூரையும் கிண்டியையும் தாண்டி முதுமலைக்குப் போகிறவர்களுக்கு நேரக் கணக்கு மறுபடி மாறும். அங்கே தங்குவது இரவில். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் அந்தியிலிருந்து விடியும்வரை கடிப்பது. 1897-இல் ரொனால்ட் ராஸ் விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், மலேரியாவுக்குப் பேர்போன சீகூர்ப் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போனார். இன்று முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி யானைகள் வழிநடக்கும் பகுதி அது. சன்னலைச் சாத்தி, வலைக்குள் படுத்தும் அவருக்கே மலேரியா வந்தது. வலை தூங்கும் நேரத்துக்கு மட்டுமே காவல். விளக்கேற்றியதிலிருந்து படுக்கப்போகும்வரை உள்ள நேரத்துக்குக் களிம்பும் முழுக்கைச் சட்டையும் வேண்டும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். புள்ளி இறகுகளோடு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சுவரில் சாய்வாக உட்கார்ந்திருந்த ஒரு கொசுவை ராஸ் கவனித்ததும் அங்கேதான். செகந்தராபாத் திரும்பி, ஆகஸ்ட் 20 அன்று அத்தகைய கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

காட்டு மலேரியாவுக்குப் பயந்து சாமான் கட்டும் சென்னைக்காரர் ஒன்றை யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டு மலேரியாவில் பல பத்தாண்டுகளாகப் பெரும்பங்கு சென்னையினுடையதே. அனாபிலிஸ் ஸ்டெபென்சி காட்டைத் தேடுவதில்லை. மூடி சரியாகப் பொருந்தாத மாடித் தொட்டியும் கிணறும் கட்டட வேலையில் பிடித்து வைத்த தண்ணீரும் அதற்கு இஷ்டம். நம் தொட்டிக் கொசு இப்போது ஊர் ஊராகப் போகிறது. 2012-இல் ஜிபூட்டியில் பிடிபட்டது. பிறகு எத்தியோப்பியாவில் பரவி, 2022-இல் டைர் தாவா நகரில் மலேரியா வெடிக்கக் காரணமானது. இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் இதே ஸ்டெபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. சென்னையிலிருந்து யால, வில்பத்து தேசியப் பூங்காக்களுக்குச் சுற்றுலா போகும் நமக்கு அங்கே மலேரியா வரும் என்பதைவிட, நம்மில் ஒருவர் அங்கே கொண்டுபோய்விடக்கூடும் என்பதே அந்நாட்டு மருத்துவர்களின் கவலை.

ஊர் திரும்பியபின் இரண்டு வாரத்தைக் கவனத்தில் வையுங்கள். டெங்கு கடிபட்ட நான்கிலிருந்து பத்து நாளில் காட்டும். மலேரியா ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், வைவாக்ஸ் வகை கல்லீரலில் பதுங்கி மாதங்கள் கழித்தும் வரும். காய்ச்சல் வந்தால் எங்கே போயிருந்தோம், எத்தனை நாளாயிற்று என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரினோ புரூஃபனோ வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.

கடைசியாக, கென்யாவின் மாசாய் மாரா போன்ற ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் செல்கிறவர்களுக்கு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது நாம் இத்தனை நேரம் பேசிய ஏடிஸ் எஜிப்தி. இந்தியாவில் அந்தக் கொசு தெருவுக்குத் தெரு உண்டு, அந்த வைரஸ் மட்டும் இதுவரை வந்ததில்லை. அதனால் நம் விமான நிலையங்களில் கெடுபிடி அதிகம்: நோயுள்ள நாட்டிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வருபவரை ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். தடுப்பூசி கிண்டி கிங் ஆய்வகத்தில் போடப்படுகிறது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும். ஒருமுறை போட்டால் சான்று ஆயுளுக்கும் செல்லும். ஆனால் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும். பயணச்சீட்டு வாங்கும் முன் அந்தப் பத்து நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.